பெருநாள் கூட்டத்துக்கு எத்தனை சேர்வர்? கூடிக் குறையும் வாடகைக் கணக்கு

ரமழானின் கடைசிப் பத்து நாட்களில் புறக்கோட்டை எப்படியிருக்கும் என்பதை இப்பத்தியின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வருடம் முழுக்க இரண்டு பையன்களோடு ஓடுகின்ற புடைவைக் கடையில் அந்த நாட்களில் எட்டுப் பேர் நிற்பார்கள். சாமான் இறக்குவதற்கு நாட்டாமைமாரைக் கூடுதலாகப் பிடிப்போம். பெருநாள் முடிந்த மறுவாரம் கணக்கு முடித்து அனுப்பி விடுவோம். எட்டுப் பேரையும் வருடம் முழுக்க வைத்துச் சம்பளம் கொடுத்தால் கடை மூழ்கிவிடும். இரண்டு பேரோடு பெருநாளைச் சமாளிக்கப் பார்த்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஆளைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் நேரம் தெரிந்தவர்தான் வியாபாரி.

இன்று நம்மில் பலருக்கு இரண்டாவது கடையொன்று இருக்கிறது. அது இணையத்தளத்திலுள்ள கடை. அந்தக் கடைக்கும் இதே கணக்குத்தான் பொருந்தும். ஆனால் அங்கே ஆளைக் கூட்டுவதும் குறைப்பதும் நமது கையில் இல்லாமல், இணையத்தளத்தைச் செய்து தந்த சொப்ட்வெயார் கம்பனியின் கையில் இருக்கிறது. “எல்லாம் ஒட்டோமெட்டிக்காக நடக்கும் ஹாஜி, நீங்க யோசிக்க வேணாம்” என்று அவர்கள் சொல்கிறார்கள். நாமும் தலையாட்டி விடுகிறோம். கடையின் சாவியைக் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று கேளாதிருப்பது வியாபாரிக்கு அழகல்ல. எனவே இந்த வாரம், ‘ஒட்டோ ஸ்கேலிங்’ என்று சொல்லப்படுகின்ற, தானாகக் கூடிக் குறையும் சேர்வர் ஏற்பாட்டைப் பற்றி எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

மணித்தியால வாடகை

முன்னர் ஓர் இணையத்தளம் நடத்துவதென்றால் சேர்வர் என்னும் பெரிய கணினியை விலைக்கு வாங்க வேண்டும், அல்லது மாதக் கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். பெருநாள் கூட்டத்துக்குப் போதுமான பெரிய கணினியை வாங்கினால் மற்றைய மாதங்களில் அது சும்மா கிடக்கும். 2006 ஓகஸ்ட் மாதத்தில் அமேசன் கம்பனி ‘ஈசி 2’ என்ற பெயரில் புதியதொரு வாடகை முறையை ஆரம்பித்தது. மணித்தியாலத்துக்கு 10 அமெரிக்க சதம் கொடுத்தால் ஒரு கணினி கிடைக்கும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்து விடலாம். அப்போது கணினியில் ஒரேயொரு வகைதான் இருந்தது.

2009 மே மாதத்தில் அதே கம்பனி மூன்று ஏற்பாடுகளைச் சேர்த்தே கொண்டு வந்தது. முதலாவது, கணினிகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளந்து பார்க்கின்ற கண்காணிப்பு முறை. இரண்டாவது, வருகின்ற வாடிக்கையாளர்களைப் பல கணினிகளுக்குப் பிரித்து அனுப்புகின்ற ‘லோட் பலன்சர்’. மூன்றாவது, வேலை கூடினால் கணினியைக் கூட்டி, குறைந்தால் குறைக்கின்ற ஒட்டோ ஸ்கேலிங். இம்மூன்றும் சேர்ந்தே இயங்குகின்றன. வாசலில் கூட்டத்தைப் பார்ப்பவர், உள்ளே ஆட்களைப் பிரித்து அனுப்புபவர், கூலியாட்களைக் கூப்பிடுபவர் என்று மூவரை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

மைக்ரோசொப்ட், கூகுள் கம்பனிகளிடமும் இதே ஏற்பாடு வேறு பெயர்களில் உண்டு. நம்மவர் பலரும் அமேசனையே பாவிப்பதாலும், நான் அருகிலிருந்து பார்த்தது அதுவே என்பதாலும் அதன் முறையிலேயே விளக்குகிறேன். நமக்குக் கிட்டிய நாடுகளில் சிங்கப்பூர் நிலையம் 2010இலும், மும்பை நிலையம் 2016இலும், ஐதராபாத் நிலையம் 2022இலும் திறக்கப்பட்டன. 2017 ஒக்டோபர் முதல் லினக்ஸ் கணினிகளுக்குச் செக்கன் கணக்கில் வாடகை அறவிடப்படுகிறது. ஆகக் குறைந்தது 60 செக்கன். ஒட்டோ ஸ்கேலிங் என்ற ஏற்பாட்டுக்குத் தனியே கட்டணம் இல்லை. அது கூட்டுகின்ற கணினிகளுக்குத்தான் கட்டணம்.

பட்டாவா, பத்துச் சில்லு லொறியா?

வாடகைக் கணினியில் இன்று நூற்றுக்கணக்கான வகைகள் உள்ளன. பெயரைப் பார்த்தால் பயமாக இருக்கும். படிக்கத் தெரிந்தால் அது சாமான் பெட்டியின் மேலுள்ள குறியீடு மாதிரித்தான்.

‘எம்5 லார்ஜ்’ என்று ஒரு வகை. முதலெழுத்து குடும்பத்தைக் குறிக்கும். ‘எம்’ என்றால் பொது வேலைக்கானது. ‘சீ’ என்றால் கணக்குப் பார்க்கும் வேகம் கூடியது. ‘ஆர்’ என்றால் ஞாபக சக்தி, அதாவது மெமரி கூடியது. நடுவிலுள்ள இலக்கம் எத்தனையாம் தலைமுறை என்பதைச் சொல்லும். கடைசிச் சொல் அளவு. எம்5 லார்ஜில் இரண்டு சிபியுவும் 8 ஜிபி மெமரியும் உண்டு. சீ5 லார்ஜிலும் அதே இரண்டு சிபியுதான். மெமரி 4 ஜிபி. ஆர்5 லார்ஜில் மெமரி 16 ஜிபி. லார்ஜிலிருந்து எக்ஸ்லார்ஜுக்குப் போனால் எல்லாம் இரட்டிப்பாகும், வாடகையும் இரட்டிப்பாகும்.

லொறி பிடிப்பதும் இப்படித்தானே? தேயிலைப் பெட்டி இடத்தை அடைக்கும், பாரம் குறைவு. சீமெந்து கொஞ்ச இடத்திலேயே பாரத்தைக் கூட்டிவிடும். உங்கள் இணையக் கடை எதனால் முட்டுப்படுகிறது, சிபியுவினாலா மெமரியினாலா என்று அளந்து பார்த்த பிறகே வகையைத் தெரிவு செய்ய வேண்டும். இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அமேசனின் சாதாரணக் கண்காணிப்பு முறை சிபியு வேலையை அளக்கும். மெமரி எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதை அளக்காது. அதற்குக் கணினிக்குள் ஒரு சிறிய மென்பொருளைத் தனியே போட வேண்டும். போடாவிட்டால், மெமரி நிரம்பி மூச்சுத் திணறுகின்ற கணினியும் கண்காணிப்புத் திரையில் சுகமாகவே தெரியும்.

இன்னுமொரு எழுத்தும் உண்டு. ‘எம்6ஜி’ என்று இலக்கத்துக்குப் பின்னால் ‘ஜி’ வந்தால், அது அமேசன் தானே வடிவமைத்த ‘கிராவிட்டன்’ சிப்பில் ஓடுவது. 2018 நவம்பரில் அறிமுகமான இந்தச் சிப்பு ‘ஆர்ம்’ என்ற வேறு இனத்தைச் சேர்ந்தது. அதே அளவுக் கணினி வாடகையில் மலிவாக வரும். ஆனால் இன்டெல் சிப்புக்காகத் தயாரித்த மென்பொருளை அப்படியே இதில் ஏற்ற முடியாது. அதற்கெனத் தயாரிக்க வேண்டும். டீசல் இயந்திரத்துக்குப் பெற்றோல் ஊற்ற முடியாதல்லவா? விலையை மாத்திரம் பார்த்து மாற்றச் சொல்லாதீர்கள்.

மூன்று இலக்கங்களும் ஓர் இலக்கும்

கணினியின் வகை, அதற்குள் இருக்க வேண்டிய மென்பொருள், பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றை எழுதி வைக்கின்ற பத்திரத்துக்கு ‘லோன்ச் டெம்ப்ளேட்’ என்று பெயர். புதிய ஆள் வேண்டுமென்றால், இந்தப் பத்திரத்தில் உள்ளபடியே புதிய கணினி எழும்பும். அதன் மேல் மூன்று இலக்கங்களை வைக்க வேண்டும். ஆகக் குறைந்தது எத்தனை, ஆகக் கூடியது எத்தனை, இப்போது வேண்டியது எத்தனை. முதல் இரண்டையும் நாம் வைப்போம். மூன்றாவதை அந்த ஏற்பாடு தானே கூட்டிக் குறைக்கும்.

எப்போது கூட்டுவது? அதற்குத்தான் இலக்கு வைப்பது. “கணினிகளின் சராசரி சிபியு வேலை 60 வீதத்தில் நிற்க வேண்டும்” என்று சொல்லி வைத்தால், அதற்கு மேலே போகும்போது கணினி கூடும். நன்றாகக் கீழே இறங்கும்போது குறையும்.

ஆகக் குறைந்தது ஒன்று என்று வைப்பவர்கள் உண்டு. அந்த ஒன்று பழுதானால், அடுத்தது எழும்பும் வரை கடை பூட்டுத்தான். இரண்டு வெவ்வேறு கட்டடங்களில் ஒவ்வொன்று என்று இரண்டாக வைப்பதே நல்லது. ஆகக் கூடியது என்பது உங்கள் பணப்பெட்டியின் பூட்டு. அதை எட்டு என்று வைத்தால் ஒன்பதாவது எழும்பாது. ஒன்பதாவதற்குரிய வாடகையும் வராது. இந்த இலக்கத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் கடைக்காரர், இஞ்சினியர் அல்லர். உங்களைக் கேளாமல் அதை அவர்கள் வைத்திருந்தால் இன்றே கேளுங்கள்.

20 வீதத்தில் நின்ற முள்

எனது நண்பரொருவர் புடைவை வியாபாரி. இணையத்திலும் அவருக்கு நல்ல ஓட்டம். 2023 நோன்பின் கடைசிப் பத்தில், ஒரு நாள் அஸருக்குப் பிறகு அவரது இணையக் கடை இழுக்கத் தொடங்கியது. ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம். கூடையில் சாமானைப் போட்டவர்கள் பணம் கட்டுமுன் போய்விட்டார்கள். சொப்ட்வெயார் கம்பனிக்குக் கோல் எடுத்தால், “சேர்வர் நல்லா இரிக்கி நானா, 20 வீதம்தான் வேலை செய்யிது. உங்கட இன்டர்நெட்டில ஏதாச்சும் பிழையா இரிக்கும்” என்று பதில். இரண்டு நாள் இப்படிக் கழிந்தது. பெருநாளுக்கென்று எடுத்த சரக்கு களஞ்சியத்தில் கிடந்தது. அந்தச் சரக்கில் பாதி கடனுக்கு எடுத்தது. காசோலைக்குத் திகதி போட்டுக் கொடுத்தது.

கணினித் துறையில் வேலை செய்கின்ற எனது மருமகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பார்த்தார். ஆகக் குறைந்தது இரண்டு, ஆகக் கூடியது எட்டு, இலக்கு 60 வீதம். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கணினியின் வகை ‘ரி2 மீடியம்’.

“மாமா, இது ரேஷன் போட்ட வண்டி” என்றார் அவர்.

விடயம் இதுதான். ‘ரி’ குடும்பத்துக் கணினிகள் மலிவானவை. அவை எப்போதும் முழு வேகத்தில் ஓடுவதற்கென்று விடப்பட்டவையல்ல. ரி2 மீடியத்துக்கு நிரந்தரமாக அனுமதிக்கப்பட்ட வேகம் 20 வீதம் மாத்திரம். அதற்குக் கீழே ஓடும்போது மிச்சம் பிடிப்பது வரவாகச் சேரும். அதற்கு மேலே ஓடும்போது அந்த வரவிலிருந்து செலவாகும். மணித்தியாலத்துக்கு 24 வரவு. ஆகக் கூடியது 576 வரை சேமிக்கலாம். ஒரு சிபியு ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு வரவு கழியும்.

இப்போது கணக்குப் பாருங்கள். சாதாரண நாட்களில் பகலில் செலவழிந்ததை இரவில் சேர்த்துக் கொள்ளும். கடைசிப் பத்தில் இரவும் பகலும் ஆட்கள் வருகிறார்கள். கணினி 55 வீதத்தில் ஓடுகிறது. இரண்டு சிபியுவும் சேர்ந்து மணித்தியாலத்துக்கு 66 வரவு செலவு, 24 வரவு சேருகிறது. ஆக 42 குறைகிறது. 576ஐ 42ஆல் பிரித்தால் 14 மணித்தியாலத்துக்கும் குறைவு. இலக்கு 60 வீதம், ஓட்டம் 55 வீதம். ஆகவே புதிய கணினி எதுவும் கூடவில்லை. வரவு முடிந்ததும் கணினி 20 வீதத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டது. கண்காணிப்புத் திரையிலும் 20 வீதம் என்றே தெரிந்தது. 60க்கு மேல் போனால் ஆள் கூட்டு என்று சொல்லப்பட்ட ஏற்பாடு, “வேலை குறைவாகத்தானே இருக்கிறது” என்று சும்மா இருந்தது. வெளியே வாடிக்கையாளர் வரிசையில் நின்றார். உள்ளே வேலையில்லை என்று முள் காட்டியது.

சேமிப்பு வரவு எவ்வளவு மீதம் என்று காட்டுகின்ற படமும் அதே திரையில் இருந்தது. அது பூச்சியத்தில் கிடந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

ரி2 வகையில் வரவு முடிந்தால் வேகத்தைக் குறைப்பதே வழமையான ஏற்பாடு. அதற்குப் பின்னர் வந்த ரி3 வகையில், வேகத்தைக் குறைக்காமல் மேலதிகக் கட்டணம் அறவிடுவது வழமையான ஏற்பாடு. முதலாவதில் வியாபாரம் நிற்கும். இரண்டாவதில் பில் கூடும். இரண்டில் எதுவென்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சிறிய கடைக்கும், சோதனை வேலைகளுக்கும் ‘ரி’ குடும்பம் நல்லது. இரவு பகலாகக் கூட்டம் வருகின்ற கடைக்கு ‘எம்’ அல்லது ‘சீ’ குடும்பமே பொருத்தம்.

பத்திரத்தில் எம்5 லார்ஜ் என்று மாற்றினார்கள். அரை மணித்தியாலம் கழிந்தும் கடை இழுத்தது. ஏனென்றால் பத்திரத்தை மாற்றினால் இனிமேல் எழும்புகின்ற கணினிகளுக்குத்தான் அது செல்லுபடியாகும். ஓடிக் கொண்டிருக்கும் பழைய இரண்டும் அப்படியேதான் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லி ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு, இஷாவுக்கு முன்னர் கடை வழமைக்குத் திரும்பியது. மிச்சமிருந்த நாட்களில் சரக்கில் ஒரு பகுதி போயிற்று. மீதியைப் பெருநாளுக்குப் பின்னர் கழிவு விலையில் கொடுத்தார். ஒரு எழுத்தும் ஒரு இலக்கமும் அவருக்கு அந்த வருட இலாபத்தைத் தின்றுவிட்டன.

ஒரே வகையை நம்பலாமா?

ஒரு குழுவுக்கு ஒரேயொரு வகையை மாத்திரம் எழுதி வைப்பது பழைய முறை. பத்திரம் என்பது ஆரம்பத்தில் ‘லோன்ச் கொன்பிகரேசன்’ என்ற வடிவில் இருந்தது. அதில் ஒரு வகையைத்தான் குறிப்பிடலாம். எழுதிய பின் திருத்த முடியாது, புதிதாகவே எழுத வேண்டும். 2017 இறுதியில் டெம்ப்ளேட் முறை வந்தது. 2018 நவம்பரிலிருந்து ஒரே குழுவுக்குள் பல வகைகளைக் கலந்து வைக்க முடிகிறது. 2021இல் இன்னொரு வசதியும் வந்தது: வகையின் பெயரைச் சொல்லாமல், “இரண்டு சிபியு, 8 ஜிபி மெமரி” என்று தேவையை மாத்திரம் சொன்னால், பொருந்துகின்ற வகைகளை அதுவே தேடிக் கொள்ளும்.

ஏன் பல வகை? அமேசனிடமும் களஞ்சியம் உண்டு, அதுவும் தீரும். நீங்கள் கேட்கின்ற வகை அந்த நேரம் அந்தக் கட்டடத்தில் இல்லையென்றால் “இடமில்லை” என்று பதில் வரும். கணினி எழும்பாது. எம்5 இல்லையென்றால் எம்5ஏ, எம்6ஐ என்று நெருங்கிய வகைகளையும் பட்டியலில் போட்டு வைத்தால் ஏதாவது ஒன்று கிடைக்கும். பட்டா இல்லையென்றால் வேறொரு சிறிய லொறி வரட்டுமே!

அளவுகளைக் கலந்தால் நிறை போட வேண்டும். லார்ஜுக்கு 2, எக்ஸ்லார்ஜுக்கு 4 என்று நிறை கொடுத்தால், எத்தனை வண்டி என்று எண்ணாமல் எத்தனை அந்தர் ஏற்றலாம் என்று கணக்குப் பார்க்கும்.

கூலியாட்களைப் போலவே கணினியிலும் மூன்று விதமான வாடகை உண்டு. கேட்ட நேரம் கிடைக்கும் சாதாரண வாடகை முதலாவது. ஒரு வருடம் அல்லது மூன்று வருடத்துக்கு வாக்குக் கொடுத்து, 72 வீதம் வரை கழிவு பெறுவது இரண்டாவது. அமேசனிடம் சும்மா கிடக்கும் கணினிகளை 90 வீதம் வரை கழிவில் எடுப்பது மூன்றாவது. இதற்கு ‘ஸ்பொட்’ என்று பெயர், 2009 டிசம்பரில் ஆரம்பித்தது. ஸ்பொட்டில் ஒரு நிபந்தனை: அவர்களுக்குத் தேவைப்பட்டால் இரண்டு நிமிட அறிவித்தலோடு திருப்பி எடுத்துக் கொள்வார்கள்.

அதற்காக ஸ்பொட் ஆகாது என்று சொல்லவில்லை. நிரந்தர இரண்டையும் வாக்குக் கொடுத்த வாடகையில் வைக்கலாம். கூட்டத்துக்குக் கூடுகின்றவற்றில் ஒரு பகுதியைச் சாதாரண வாடகையிலும் மறுபகுதியை ஸ்பொட்டிலும் எடுக்கலாம். ஸ்பொட் எடுப்பவர்கள் குறைந்தது பத்து வகைகளையாவது பட்டியலில் வைக்க வேண்டும் என்பது அமேசனின் ஆலோசனை. முழுக் கடையையும் ஸ்பொட்டில் வைத்துப் பெருநாளைச் சந்திப்பது, சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம்.

இன்னுமொரு தடை கண்ணுக்குத் தெரியாதது. ஒவ்வொரு கணக்குக்கும் எத்தனை சிபியு எடுக்கலாம் என்று அமேசன் ஓர் உச்ச எல்லை வைத்திருக்கிறது. புதிய கணக்குகளுக்கு அது குறைவு. நீங்கள் எட்டுக் கணினி என்று எழுதி வைத்தாலும், அந்த எல்லை ஐந்துக்குத்தான் போதுமென்றால் ஐந்தோடு நின்றுவிடும். எல்லையைக் கூட்டச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அதைப் பெருநாளுக்கு முந்திய இரவில் செய்யக் கூடாது. ஷஃபான் மாதத்திலேயே செய்து வைக்க வேண்டும்.

பிறையும் கடிகாரமும்

கணினி எழும்பி, மென்பொருள் ஓடி, வாடிக்கையாளரைக் கவனிக்கத் தயாராவதற்குச் சில நிமிடங்கள் எடுக்கும். தராவீஹ் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கையடக்கத் தொலைபேசியைத் திறப்பார்கள். கூட்டம் வந்த பிறகு ஆளைத் தேடினால், வந்த கூட்டம் காத்திருக்காது. இப்படி நேரம் தெரிந்த கூட்டத்துக்கு, “இரவு 9 மணிக்கு முன்னரே ஆறாக்கி வை, 1 மணிக்குக் குறை” என்று நேர அட்டவணை போட்டு வைக்கலாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. இந்த அட்டவணை, வேறு சொல்லாவிட்டால், உலகப் பொது நேரத்தில் ஓடும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. இரவு 9 மணியை 21:00 என்று அப்படியே எழுதினால், இங்கே அதிகாலை 2:30க்குத்தான் ஆட்கள் வருவார்கள். 15:30 என்று எழுத வேண்டும். அல்லது கொழும்பு நேரம் என்று குறிப்பிட வேண்டும்.

பெருநாளோ பிறையோடு வருவது. முந்திய இரவு வரை திகதி நிச்சயமில்லை. எனவே அட்டவணையை இரண்டு இரவுகளுக்கும் போட்டு, அதற்கு மேலே வருகின்ற கூட்டத்தை இலக்கு முறைக்கு விட்டுவிடுவதே புத்தி.

கூட்ட முடியாதவை

முன்னால் நிற்கும் விற்பனையாளரை எட்டாக்கி விட்டு, காசாளரை ஒருவராகவே வைத்தால் என்ன நடக்கும்? வரிசை காசாளரிடம் நீளும். இணையக் கடையின் காசாளர் அதன் தரவுத்தளம். முன்னாலுள்ள சேர்வர்கள் கூடினாலும் தரவுத்தளம் தானாகக் கூடாது. எட்டுச் சேர்வர்களும் ஒரே நேரத்தில் கேட்டால் அது தாங்குமா என்று சோதித்திருக்க வேண்டும்.

அடுத்தது, கணினி குறையும்போது அதற்குள் இருப்பவையும் போய்விடும். வாடிக்கையாளரின் கூடை, நீங்கள் ஏற்றிய சாமான் படங்கள், ஓடர் பதிவுகள் ஆகியவை அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தால் அவையும் அழியும். அவற்றைப் பொதுவான வேறிடத்தில் வைக்க வேண்டும். பெருநாள் முடிந்து அனுப்பப்படுகின்ற கூலியாளின் சட்டைப் பையில் கடையின் பில் புத்தகம் இருக்கலாகாது.

டொலர் கணக்கு

இனிக் காசுக்கு வருவோம். கணக்கு இலகுவாக இருக்கட்டும் என்பதற்காக, ஒரு கணினிக்கு மணித்தியாலம் 10 சதம் என்றும், டொலரை 300 ரூபாய் என்றும் வைத்துக் கொள்வோம். மாதத்துக்கு 730 மணித்தியாலம். ஒரு கணினிக்கு 73 டொலர்.

எட்டுக் கணினியையும் மாதம் முழுக்க ஓட விட்டால் 584 டொலர், ரூபாயில் 175,200. இரண்டை மாதம் முழுக்க வைத்து, மேலும் ஆறைப் பத்து இரவுகளுக்கு நான்கு மணித்தியாலம் வீதம் எடுத்தால், 146 டொலரோடு 24 டொலர் சேர்ந்து 170 டொலர், ரூபாயில் 51,000. கூடிக் குறைவதன் அர்த்தம் இந்த வித்தியாசம்தான். கூட்டத் தெரிந்து குறைக்கத் தெரியாத ஏற்பாடென்றால், பெருநாள் போன பின்னும் எட்டும் ஓடிக்கொண்டிருக்கும்; மாத முடிவில் பில் வரும்போதுதான் தெரியவரும்.

இது தவிர லோட் பலன்சருக்குத் தனி வாடகை, வெளியே போகின்ற தரவுக்குக் கட்டணம், 2024 பெப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பொது ஐபி முகவரிக்கும் மணித்தியாலத்துக்கு அரைச் சதம் என்று சில்லறைகள் சேரும். சில்லறை சேர்ந்துதான் ரூபாய்.

பில் டொலரில் வருகிறது. நமக்கு வருமானம் ரூபாயில் வருகிறது. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், அந்த வருடம் மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனதை நாம் மறக்கவில்லை. ஒரு கணினியும் கூடாமலேயே பில் முக்கால் பங்குக்கு மேல் கூடியது. மூன்று வருட வாக்குக் கொடுத்தவர் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். கழிவு கூடுதல் என்பதற்காக மூன்று வருடத்துக்குக் கையெழுத்து வைக்குமுன், கடை வாடகை ஒப்பந்தத்துக்கு யோசிப்பது போல யோசியுங்கள். வருடத்தின் ஆகச் சோர்வான மாதத்திலும் எத்தனை கணினி ஓடுகிறதோ, அத்தனைக்கு மாத்திரம் வாக்குக் கொடுப்பது பாதுகாப்பானது.

உங்கள் கம்பனியிடம் கேளுங்கள்

ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது ஓடர் வருகின்ற கடைக்கு இதெல்லாம் தேவையில்லை. ஒரு கணினி, ஒழுங்கான பிரதி எடுத்தல், அவ்வளவே போதும். தேவையில்லாததை விற்க வருபவரை இதைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். கூட்டம் ஏறி இறங்குகின்ற கடையென்றால், அடுத்த சீசனுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னர் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

நமது கணினி எந்த வகை? ‘ரி’ குடும்பமென்றால், வரவு முடிந்த பின் வேகம் குறையுமா, பில் கூடுமா?

ஆகக் குறைந்தது எத்தனை, ஆகக் கூடியது எத்தனை? ஆகக் கூடியதில் ஒரு நாள் ஓடினால் எத்தனை டொலர்?

எதை அளந்து கூட்டுகிறீர்கள்? மெமரியையும் பார்க்கிறீர்களா?

கேட்ட வகை கிடைக்காவிட்டால் பட்டியலில் அடுத்தது என்ன? கணக்கின் உச்ச எல்லை எட்டுக்குப் போதுமா?

தரவுத்தளம் எட்டையும் தாங்குமா? போலிக் கூட்டமொன்றை அனுப்பிச் சோதித்தீர்களா?

செலவு ஒரு தொகையைத் தாண்டினால் எச்சரிக்கை யாருக்கு வரும்? அந்த எச்சரிக்கை உங்களது மின்னஞ்சலுக்கும் வர வேண்டும். எச்சரிக்கை வந்ததும் கணினி தானாக நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம்; யாராவது எழும்பிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, அமேசன் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது? சொப்ட்வெயார் கம்பனியின் பெயரில் இருந்தால், அவர்களோடு மனத்தாங்கல் வருகின்ற நாளில் கடையே உங்களுடையதல்ல. கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கடனட்டையில் திறந்து, அவர்களுக்கு வேலை செய்யும் அனுமதியை மாத்திரம் கொடுங்கள். கணக்கின் பிரதான கடவுச்சொல் பெட்டகச் சாவி மாதிரி. அது உங்களிடம் இருக்க வேண்டும்.

இக்கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்கின்ற கம்பனி உங்களுக்குக் கிடைத்தால் அவர்களை விட்டுவிடாதீர்கள்; கேட்ட கூலியைக் கொடுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், பெருநாள் சரக்குக்கு ஓடர் போடுமுன் அதைத் தெரிந்து கொண்டது நல்லதாயிற்று என்று எண்ணிக் கொள்ளுங்கள்.